மாட்டுக் கணக்கு குதிரைக்கு ஆகாது

கேள்வி: ஒரு பெண் மட்டக்குதிரை வைத்து சாரட் வண்டி ஓட்டுகிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா என்று முகூர்த்த நாளில்தான் வருமானம். போன புயல் மழையில் வைக்கோல் போர் முழுக்க நனைந்து கறுத்துவிட்டது. ஊரில் மேய்ச்சலுக்கு இடமும் இல்லை. அதனால் எட்டு மாதமாக எங்கள் மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லையும் அரிசித் தவிட்டையுமே குதிரைக்கும் போடுகிறேன். நாளைக்கு 2 கிலோ தவிடு. முதலில் உடம்பு பிடித்தது. இப்போது ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டுகிறது. குளம்பில் ஒன்றும் இல்லை என்கிறார் லாடம் அடிப்பவர். தீனியை மென்று மென்று கீழே துப்புகிறது. கன்னத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைத்த மாதிரி இருக்கிறது. வைக்கோலுக்குப் பதில் வேறு என்ன போடலாம்? ஊறுகாய்ப்புல் மூட்டை வாங்கிப் போடலாமா?
– வாசகர், மண்டகப்பட்டு, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தீவனத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த இதழ் கையில் கிடைத்த அன்றே 1962 என்ற எண்ணுக்குப் பேசி கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழையுங்கள், அல்லது பக்கத்து கால்நடை மருந்தகத்து டாக்டரை அழைத்து வாருங்கள். “எட்டு மாதமாகத் தவிடும் நேப்பியர் புல்லும் தின்ற குதிரை” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. நோயை உறுதி செய்வது அவர் வேலை. ஆனாலும் கால் மாற்றி நொண்டுவது, மெல்ல முடியாமல் துப்புவது, முகத்தெலும்பு புடைப்பது இந்த மூன்றும் இப்படிப்பட்ட தீவனத்தோடு சேர்ந்து வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை சாரட்டில் பூட்டாதீர்கள். முகூர்த்த நாளில் குதிரையைக் கட்டிப்போட்டால் வீட்டுக்கு என்ன கஷ்டம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எலும்பு உள்ளுக்குள் வலுவிழந்திருக்கும் நேரத்தில் தார்ச்சாலையில் ஓடவிட்டால் கால் முறியலாம். முறிந்தால் இந்த முகூர்த்தம் மட்டுமல்ல, குதிரையே போய்விடும்.

உங்கள் ஊர்க் குகைக்கோயிலை ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கட்டியதாக அங்கே கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான். உங்கள் கேள்வியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது: வைக்கோல் இல்லை, மேய்ச்சல் இல்லை, குதிரை மட்டும் இருக்கிறது. வைக்கோல் இல்லாமல் குதிரை வளர்க்கலாம். மேய்ச்சல் நிலம் இல்லாமலும் வளர்க்கலாம். நார்த்தீனி இல்லாமல் முடியாது. அதோடு மாட்டுக்கு நல்லது என்று நாம் நினைக்கிற பல பொருள்கள் குதிரைக்குக் கெடுதல். உங்கள் வீட்டில் நடந்திருப்பது இந்த இரண்டாவது விஷயம்.

மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஊறல் தொட்டி. தின்றது எதுவானாலும் முதலில் அங்கே போய் நுண்ணுயிர்கள் கையில் சிக்கி, ஊறி, உடைந்து, அசைபோட்டு அரைபட்ட பிறகுதான் குடலுக்கு இறங்குகிறது. குதிரைக்கு அசை கிடையாது. வயிறு ஒன்றுதான், அதுவும் சின்னது. பெரிய சாதிக் குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும் என்றால் மட்டக்குதிரைக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதற்கும் உண்டு. ஆனால் அவை பின்குடலில், சத்து உறிஞ்சும் சிறுகுடலைத் தாண்டி இருக்கின்றன. அதனால்தான் யூரியா தெளித்த வைக்கோல் மாட்டுக்குப் புரதமாக மாறுகிறது, குதிரைக்கு மாறுவதில்லை. அது வீண் என்பதோடு ஆபத்தும்கூட. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன கெட்ட தீனி பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

இப்போது தவிட்டுக்கு வருவோம். நீங்கள் போடும் 2 கிலோ அரிசித் தவிட்டில் மணிச்சத்து ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து 2 கிராம்தான். குதிரைத் தீனியில் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்துக்குக் குறைந்தபட்சம் சமமாகவாவது இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. இங்கே தலைகீழாகப் பதினைந்தில் ஒரு பங்கு. மணிச்சத்து கூடிப்போனால் குடல் சுண்ணாம்பை ஏற்காது. இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் இதயம் ஓடாது. ஆகவே உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கிறது. கரைந்த இடத்தை வலுவில்லாத நார்த்தசை நிரப்புகிறது. தாடையிலும் கன்னத்திலும் அது புடைப்பாகத் தெரியும். பல் பிடிமானம் ஆடும், அதனால்தான் மெல்லாமல் துப்புகிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் மாவு மில்காரர்களின் குதிரைகள் மலிவாகக் கிடைத்த தவிட்டையே தின்று இப்படி ஆனதால் இதற்கு மில்காரர் நோய் என்றே பெயர் வந்தது. முதலில் உடம்பு பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஏமாற்று. தவிட்டில் எண்ணெய்ச் சத்து அதிகம், மேலுக்குப் பளபளப்பாக ஆக்கும்.

கோ-4 தன் பங்குக்கு இதைக் கூட்டியிருக்கிறது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது குடலிலேயே சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அந்த உப்பைப் பெரும்பாலும் உடைத்துவிடுகின்றன. அதனால் கறவை மாட்டுக்கு அது நல்ல புல். நானே நூறு பேருக்குக் கரணை வாங்கிக் கொடுத்து நடச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். குதிரைக்கு மட்டும் அதையே முழுத் தீனியாகப் போடக் கூடாது. கொழுக்கட்டைப் புல்லுக்கும் கினியாப் புல்லுக்கும் இதே எச்சரிக்கைதான். மேய்ச்சலுக்கு வேறு புல்லே இல்லாமல் கொழுக்கட்டைப் புல்லில் விட்ட ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கு இதே முகவீக்கம் வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் குதிரையைத் தீனியால் கெடுப்பது புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதையும், பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். சோற்றோடு வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்களாம். நல்ல சாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்கிறார். அரிசிச் சோறு, கோணல் கால் என்று சேர்த்துப் படித்தபோது எனக்கு இந்தச் சுண்ணாம்புக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. சோறு இன்றும் விடவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் மிச்சமான சாதத்தையும் கேசரியையும் ஆசையாக வந்து ஊட்டுவார்கள். பிள்ளைகள் லட்டு நீட்டும். சிரித்த முகத்தோடு மறுத்துவிடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு வாளிச் சோறு போதும், வயிறு உப்பி வலி வரவும், குளம்புக்குள் வீக்கம் கண்டு நிற்க முடியாமல் போகவும்.

இனி என்ன போடலாம் என்று பார்ப்போம். முதலில் எடை தெரிய வேண்டும். தையற்காரர் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி ஒரு நாளைக்குத் தேவை, அதாவது 5 கிலோ சொச்சம். அதில் 4 கிலோவாவது நார்த்தீனியாக இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் தானியத்தால் ஈடுகட்ட முடியாது.

நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இதற்கு முதல் பொருள் மல்லாட்டைக் கொடி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து நிலக்கடலை ரகங்களின் பெயரிலுள்ள டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான். அவ்வளவு மல்லாட்டை விளையும் பூமி இது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். இலை உதிராமல் காய்ந்த மல்லாட்டைக் கொடியில் பத்தை ஒட்டி இருக்கும். உங்களுக்கு அதைவிட முக்கியம், சுண்ணாம்புச் சத்தும் நிறைய இருக்கிறது. தவிடு கெடுத்ததை இது சரிக்கட்டும். ஆனால் கொடியை வேரோடு பிடுங்குவதால் மண் ஒட்டியிருக்கும். மாடு அதைப் பொருட்படுத்தாது. குதிரைக்கு அந்த மணல் குடலின் அடியில் தங்கித் தங்கிக் கடுமையான வயிற்றுவலி கொண்டுவரும். வேர்ப்பக்கத்தை அரிவாளால் அறுத்தெறிந்துவிட்டு, நன்றாக உதறி, தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தது என்று கொடி விற்பவரிடம் கேளுங்கள். இலைப்புள்ளிக்கு அடித்த மருந்து காயாத கொடி வேண்டாம்.

பூஞ்சணம் பிடித்ததும் வேண்டாம். 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அதில் நனைந்த போர்களை இன்னமும் சிலர் பிரித்து விற்கிறார்கள். உதறினால் தூசிபோலப் புகை கிளம்பினால் அது பூஞ்சணம். மாட்டுக்கே அது நல்லதல்ல. குதிரைக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் ஆயுசுக்கும் விடாது. உங்கள் கறுத்த போரை எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, அருகம்புல். இதைப் பிடுங்கி எறியவே நாம் கூலி கொடுக்கிறோம். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் இது இல்லாத கிராமம் கிடையாது. ஆக்சலேட் உப்பு குறைவு, குதிரைக்கு விருப்பம் அதிகம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே புல்லைப் பெர்முடா புல் என்று வயலில் வளர்த்து, உலர்த்தி, கட்டுக் கட்டாகக் குதிரைப் பண்ணைகளுக்கு விற்கிறார்கள். ஜார்ஜியாவில் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையம் 1943-இல் அதற்கென்று ஒரு ஒட்டு ரகமே வெளியிட்டது. கரும்பு வயல் வரப்பில் களைக்கொல்லி அடிக்காத இடமாகப் பார்த்து நாளைக்கு 6 கிலோ அறுத்தால் உலர் எடையில் 2 கிலோ அளவுக்கு வரும். மழைக்காலத்தில் கூடுதலாக அறுத்து நிழலில் உலர்த்தி வையுங்கள்.

கேழ்வரகுத் தாள் கிடைத்தால் வைக்கோலை மறந்துவிடலாம், அது எல்லா வகையிலும் மேல். நெல் வைக்கோல் நல்லதாகக் கிடைத்தாலும் நாளைக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவோடு நிறுத்துங்கள். மணற்சத்து மிகுந்த அந்தத் தாள் தண்ணீர் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். நறுக்கி, தண்ணீர் தெளித்துப் போடுங்கள். சோளத்தட்டை நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் சரி, பச்சைச் சோளம் வேண்டவே வேண்டாம். வரகு வைக்கோல் குதிரைக்கு ஆகாது. கரும்பு வெட்டும் காலத்தில் கொழுந்தாடையை நறுக்கிப் பாதித் தீனியாகக் கொடுக்கலாம், சோகை உதவாது. அசோலா, மண்ணில்லாமல் முளைக்கவைக்கும் மக்காச்சோளத் தீவனம் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். தட்டில் முளைக்கவைப்பதில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும், நம் வெயிலில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தானியம் என்றால் கொள்ளுதான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று பழமொழியே இருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் குதிரை லாயத்தைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் அந்தக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானதிலிருந்து கூட்டமும் கூடியிருக்கிறது. தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த நம் ஊர்களில் இப்போது ஐயனார் கோயில் மண் குதிரைகள்தான் மிச்சம், உயிர்க்குதிரை வைத்திருப்பவர் உங்களைப்போல் ஒருவர் இருவர். கொள்ளில் புரதம் நூற்றுக்கு 22. சுண்ணாம்பும் மணிச்சத்தும் ஏறக்குறைய சமம், தவிட்டைப்போல் தாறுமாறு இல்லை. பச்சையாகப் போட்டால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. ஆகவே இரவு ஊறவைத்து, மறுநாள் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, ஆறவிட்டு, நறுக்கிய தாளோடு பிசைந்து வையுங்கள். வேகவைக்கும் முன் எடையில் முக்கால் கிலோ போதும், காலை பாதி, மாலை பாதி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் சும்மா நிற்கும்போது அரைக் கிலோவுக்கு மேல் கூடாது. வேலையில்லாமல் கொழுத்த தீனி தின்று, பிறகு திடீரென்று ஓடவிட்டால் தசை இறுகிப்போகும். இப்போதும் நொண்டிக்கொண்டு நிற்பதால் இந்த அரைக் கிலோ அளவுதான்.

ஆக, 265 கிலோக் குதிரைக்கு ஒரு நாளைக்கு மல்லாட்டைக் கொடி 2 கிலோ, கேழ்வரகுத் தாளோ நல்ல வைக்கோலோ ஒரு கிலோ, பச்சை அருகு 6 கிலோ, கொள்ளு அரை முதல் முக்கால் கிலோ, சாப்பாட்டு உப்பு 30 கிராம். அருகு கிடைக்காத கோடையில் கொடியையும் தாளையும் ஒவ்வொரு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள், இரவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். குதிரை வயிற்றில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு கட்டிவைத்தால் வயிறு புண்ணாகும். தண்ணீர் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும். வெயில் நாளில் இருபது, முப்பது லிட்டர் குடிக்கும்.

கரைந்துபோன எலும்புக்கு இது மட்டும் போதாது. தீவனக் கடையில் கால்சைட் தூள் என்று கேட்டால் கிடைக்கும், அரைத்த சுண்ணாம்புக் கல். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். டி.சி.பி. என்று கடைக்காரர் எடுத்துக்கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் மணிச்சத்தும் சேர்ந்திருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ கலந்துவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும். நொண்டல் சில வாரங்களில், சில மாதங்களில் குறையும். கன்னப் புடைப்பு முழுதாக வடியாமல் போகலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நீண்ட நாளைக்கு ஐந்து சென்ட் குதிரைமசால் போடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் மாட்டுக்கும் முயலுக்கும் வளர்க்கிறோம். பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில், தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியில், 25 சென்டிமீட்டர் வரிசையில் 400 கிராம் விதை. முதல் அறுப்பு 75, 80 நாளில், பிறகு மாதத்துக்கு ஒரு முறை. தினம் 2 கிலோ பச்சையாகக் கொடுத்தால் சுண்ணாம்புக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

சவுண்டல் தழை ஆட்டுக்கு நல்லது என்று குதிரைக்கும் ஒடித்துப் போட்டுவிடாதீர்கள். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். சாரட் குதிரைக்கு அழகே அதுதான். கிளைரிசிடியாவும் வேண்டாம். நான்கு வழிச்சாலை நடுவில் வளர்த்திருக்கும் அரளியைக் கடிக்கவிட்டால் உயிருக்கே ஆபத்து, வண்டி நிறுத்தும்போது கவனம். கோழித் தீவனம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும், கொஞ்சம் போதும். மாட்டுக் கலப்புத் தீவனத்திலும் யூரியாவோ இந்த மருந்தோ இருக்கலாம், மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைக்காதீர்கள்.

ஊறுகாய்ப்புல் மூட்டை கேட்டீர்கள். வேண்டாம். காற்றுப் புகாத மூட்டைக்குள் சில சமயம் ஒரு நச்சுக் கிருமி வளரும். அந்த நஞ்சை மாட்டைவிடக் குதிரை மிகக் குறைந்த அளவிலேயே தாங்காது, தசைகள் செயலிழந்து விழுந்துவிடும். மூட்டையில் சின்ன ஓட்டை இருந்தால் பூஞ்சணம் வேறு.

எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பின்குடல் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு வாரம் வேண்டும். தவிட்டை இன்று பாதியாக்கி ஒரு வாரத்தில் நிறுத்துங்கள். கோ-4 புல்லை நாளுக்கு நாள் குறைத்து, கொடியையும் அருகையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இடையில் குதிரை முன்னங்காலால் தரையைக் கீறினாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, இலத்தி போடாமல் புரண்டாலோ உடனே தீனியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நல்லெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி நீங்களாகப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

டாக்டர் என்ன சொன்னார், தீனியைத் துப்புவது நின்றதா என்று அடுத்த மாதம் ஒரு கார்டு போடுங்கள்.